தோட்டத்திற்கு அணியாகும் புற்கள்

புல் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகிறோம். ஒன்றைப் பொருட்படுத்தாது விடுவதைப் புல்லாக மதித்தல் என்கிறோம். தோட்டத்தில் புல் முளைத்தால் களையெனக் கருதிப் பிடுங்கி எறிகிறோம். ஆயினும் நாள்தோறும் நாம் உண்ணும் நெல்லும் கோதுமையும், சர்க்கரை தரும் கரும்பும், வீடு கட்டத் துணைசெய்யும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவையே. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுத்துரைத்த தொல்காப்பியர், புல்லை மரத்தோடு ஒருங்கு வைத்தே எண்ணினார்.

இத்தகைய இனத்திற்கு நம் வீட்டுத் தோட்டத்தில் உரிய இடம் தந்திருக்கிறோமா? புல்தரை ஒன்றைத் தவிர வேறு வகையில் நாம் புல்லைப் பேணி வளர்ப்பது அரிது. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று, காற்றில் அசையும் தாள்களாலும், வெயிலில் ஒளிரும் கதிர்களாலும் தோட்டத்திற்கு அழகூட்டும் பல்லாண்டுப் புற்கள் நம் நாட்டிலேயே உள்ளன. அவற்றைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம், நிலத்திலும் தொட்டியிலும் வளர்ப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் தண்ணீரைப் பற்றிய எண்ணம் எழுகின்றது. வெட்டிச் சமன் செய்த புல்தரை கண்ணுக்கு இனியதேயாயினும், கோடையில் அது பசுமை மாறாதிருக்க இடைவிடாது நீர் பாய்ச்ச வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு போயின. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சலாகாது என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டு, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இந்நிலையில் தோட்டமே வேண்டாம் என்று முடிவு செய்யத் தேவையில்லை. நீரைக் குறைவாக வேண்டும் செடிகளை நாடுவதே அறிவுடைமை. ஆழ வேரோடித் தூர்கட்டி வளரும் புற்கள் அத்தகைய செடிகளுள் முதன்மையானவை.

எனினும் எல்லாப் புல்லும் தோட்டத்திற்கு ஏற்றதன்று. புற்களை அவற்றின் இயல்பு நோக்கி இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, நட்ட இடத்திலேயே தூர் பெருத்துக் குத்தாக வளர்வது. மற்றொரு வகை, தரைமேலோ மண்ணுக்கடியிலோ தண்டுகளை ஓடவிட்டுக் கணுதோறும் வேர்விட்டுப் பரவுவது. அருகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. குடும்பத்திற்கு அவ்வாழ்த்துப் பொருந்தும், மலர்ப்பாத்திக்குப் பொருந்தாது. அருகையும் தருப்பையையும் பாத்தியில் ஒருமுறை புகவிட்டால், பின்னர் முற்றிலும் களைவது பெரும்பாடு. ஆகவே குத்தாக வளரும் புல்லையே நாம் நாட வேண்டும்.

அடுத்து விதையைக் கவனிக்க வேண்டும். புல்லின் விதை நுண்ணியது. காற்றில் பறந்து வேலி கடக்க வல்லது. அழகுக்கென வந்த செடி ஆபத்தாக மாறியதை நம் நாடு முன்னரே கண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று நம் காடுகளின் அடிப்பரப்பை அடைத்துக்கொண்டு மான்களுக்கு மேய்ச்சல் இல்லாமற் செய்கிறது. நீர்நிலைகளை மூடும் ஆகாயத்தாமரையும் அழகை முன்னிட்டு வந்ததே. புல்லினத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. ஆப்பிரிக்காவையும் மேற்காசியாவையும் தாயகமாகக் கொண்ட ஃபவுண்டன் புல் ஹவாய்த் தீவுகளில் பரவி, காய்ந்த காலத்தில் தீயை ஊரெங்கும் இட்டுச்செல்லும் பகையாகிவிட்டது. வெள்ளிய பெருங்கதிர் தாங்கும் தென்னமெரிக்கப் பாம்பாஸ் புல், கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் தோட்டங்களிலிருந்து வெளியேறிப் பெருந்தொல்லை தருகின்றது. அதன் இலைவிளிம்பு கையைக் கிழிக்கும் கூர்மை உடையது என்பதையும் சிறுவர் உள்ள வீட்டினர் நினைவிற் கொள்க. ஃபவுண்டன் புல்லின்மீது விருப்பமுடையோர், முளைக்கும் விதையைப் பெரும்பாலும் தராத செவ்வூதா நிற வகையை மட்டும் வாங்குவது நலம். நாற்றுப்பண்ணையில் விலை கேட்குமுன், இது ஓடுமா, விதை விழுந்து முளைக்குமா என்னும் இரண்டு வினாக்களை நாம் கேட்டறிதல் வேண்டும்.

இவ்விரு சோதனைகளிலும் தேறும் புல் வெட்டிவேர். இச்சொல் தமிழிலிருந்தே பிரெஞ்சு, ஆங்கில மொழிகளுக்குச் சென்றது. வேரின் மணத்தை அறிந்த நம்மிற் பலர் அதன் செடியை நோக்கியதில்லை. ஐந்தாறடி உயரம் நிமிர்ந்து நின்று, நுனியில் வளைந்து, ஊதா நிறம் கலந்த கதிர்களை ஏந்தும் அழகிய புல் அது. தென்னாட்டில் பயிரிடப்படும் வகை முளைக்கும் விதை தருவதில்லை, பக்கவாட்டில் ஓடுவதுமில்லை. அதன் வேர் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் செல்கின்றது. நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே பத்தடி ஆழம் எட்டக்கூடும். ஆதலால் வறட்சியையும் தாங்கும். சில நாள் வெள்ளம் நின்றாலும் அழியாது. கருநாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து உழவர்கள் நெடுங்காலமாகவே வயல் எல்லையில் இதனை வேலியாக நட்டு வந்தனர். 1980களில் உலக வங்கியின் வேளாண்மை வல்லுநர்கள் மண்ணரிப்பைத் தடுக்கும் முறையாக இதனைப் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தார்கள். நம் தோட்டத்தில் சரிவான ஓரம் இருப்பின், அங்கே அரையடி இடைவெளியில் ஒரு வரிசை வெட்டிவேர் நடுவோம். மழைநீர் அவ்வரிசையில் தேங்கி நின்று மண்ணுள் இறங்கும். மேல்மண் தெருவுக்கு ஓடாது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது. மரநிழலில் வெட்டிவேர் மெலிந்துவிடும். முழு வெயில் வேண்டும்.

இரண்டாவதாக எலுமிச்சைப்புல்லைக் கூறலாம். மூன்று நான்கடி உயரத்தில் நீரூற்றுப்போல் நாற்புறமும் வளைந்து விழும் அதன் வெளிர்பச்சை இலைகள் எந்தத் தொட்டிக்கும் அணியாகும். வீட்டுத் தோட்டத்தில் வளரும் வகை பூப்பது மிக அரிது. விதை பரவும் அச்சமில்லை. இலையைக் கிள்ளி நீரில் கொதிக்கவைத்துப் பருகலாம் என்பது மேலும் ஒரு நன்மை. வடநாட்டுக் குளிர்காலத்தில் உறைபனி இப்புல்லைக் கருக்கிவிடும். ஆதலின் அப்பகுதியினர் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் சுவரோரத்திற்கு நகர்த்திவைப்பது தக்கது.

மூன்றாவது நாணல். மழைக்காலம் முடியும் தறுவாயில் வங்காளத்து ஆற்றங்கரைகளில் நாணல் வெண்பட்டு விரித்தாற்போல் பூத்து நிற்பதைத் துர்க்கா பூசையின் முன்னறிவிப்பாகவே அந்நாட்டு மக்கள் கொள்கின்றனர். நாணலின் பயனுக்குக் கோயம்புத்தூர் சான்று பகரும். அங்கே 1912இல் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்போடு நாணலைக் கலப்பினம் செய்தனர். அதன் பயனாக 1918இல் வெளிவந்த கோ. 205 என்னும் கரும்பு வடநாட்டு வயல்களில் வெற்றி கண்டது. யாரும் மதியாத காட்டுப்புல் கரும்பிற்கு வலிமை ஈந்தது. ஆயினும் நாணல் மண்ணுக்கடியில் ஓடும் இயல்பினது. மத்திய இந்தியாவின் கரிசல் நிலங்களில் உழவரை வருத்திய களையும் இதுவே. எனவே இதனைப் பாத்தியில் நடாமல், கல்தளத்தின்மீது வைத்த பெருந்தொட்டியிலேயே வளர்க்க வேண்டும். பஞ்சு பறக்கத் தொடங்குமுன் கதிர்களை அறுத்துப் பூச்சாடியில் வைத்துக்கொள்வோமாயின் வீட்டிற்கும் அழகு, அயலாருக்கும் தொல்லையில்லை.

இனித் தொட்டியில் நடும் முறையைக் காண்போம். எலுமிச்சைப்புல்லுக்கு ஓரடி அகலமும் ஆழமும் உள்ள மண்தொட்டி போதும். வெட்டிவேருக்கு ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். பழைய பீப்பாயும் உதவும். அடித்துளையின்மேல் ஓட்டுச்சில்லுகளைப் பரப்பி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய எரு என்னும் அளவில் கலந்து நிரப்புக. எருவை மிகுத்தலாகாது. உரம் மிகுந்தால் தாள்கள் வலுவின்றி நீண்டு சாய்ந்துவிடும். இரண்டு மூன்று தாள்கள் உள்ள பக்கக்கன்றைத் தூரிலிருந்து பிரித்து, வேரை மூன்றங்குலமும் இலையை ஏழெட்டங்குலமும் விட்டு நறுக்கி நடுக. அவரவர் பகுதியில் மழை தொடங்கும் காலமே நடுவதற்கு உகந்தது. முதல் இரண்டு மாதம் மண் உலராது காக்க வேண்டும். அதன்பின் நிலத்தில் நின்ற புல் தன் வேரால் நீரைத் தேடிக்கொள்ளும். தொட்டிப் புல்லுக்கு அவ்வசதி இல்லை. கோடையில் மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றுவது நம் கடமை. அரிசி, காய்கறி கழுவிய நீரே இதற்குப் போதும்.

ஆண்டிற்கு ஒருமுறை, கோடை முற்றுவதற்கு முன், காய்ந்த தாள்களை ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துவிட வேண்டும். காய்ந்த புல் தீப்பொறிக்கு இரையாகும்; புதருள் பூச்சி பொட்டு தங்கவும் இடமாகும். வாசற்படிக்கு அருகில் பெருங்குத்துகளை வைக்காதிருப்பதும் இதனாலேயே. அறுத்த தாளை எரிக்காமல் மற்றச் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காக்கும். மூன்றாண்டிற்கு ஒருமுறை தூரைத் தோண்டி, நடுவில் பட்டுப்போன பகுதியை நீக்கி, ஓரக்கன்றுகளைப் பிரித்து நடுக. வெட்டிவேரை வேருக்காக வளர்ப்போர் ஒன்றரை ஆண்டில் தோண்டலாம். வேரை எடுத்துக்கொண்டு தூரை மீண்டும் நட்டுவிடலாம்.

இவ்வாறு வளர்த்த புல் நமக்கு மட்டும் உரியதாக இராது. கூடு பின்னுவதற்கு நீண்ட இலைகளைக் கிழித்தெடுக்கத் தூக்கணாங்குருவி வரக்கூடும். புல்லையே உண்டு வளரும் சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் அங்கே இடம்பெறும். நூறு குடம் நீரை விழுங்கும் பச்சைத் தரையைவிட, பத்துக் குடத்தில் தழைத்து, மண்ணைக் காத்து, சிற்றுயிர்க்கும் இடமளிக்கும் ஒரு வரிசைப் புல் மேலானதன்றோ? இடமுள்ளவர்கள் வேலியோரத்திலும், இடமில்லாதவர்கள் மாடியில் ஒரு தொட்டியிலும், வரும் மழைக்கு முன் நம் நாட்டுப் புல் ஒன்றை நட்டு வளர்ப்பார்களாக.