கைதும் ஜாமீனும்: குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்
(தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஊழியர் சேமநிதியைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுவதற்கே நாம் பெரும்பாலும் இத்தகைய கூட்டங்களுக்கு வருவது வழக்கம். ஆயினும் கூட்டம் முடிந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கும் வேளையில், யாராவது ஒருவர் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி வேறாக இருக்கிறது. "ஐயா, பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" பலர் முன்னிலையில் கேட்க வெட்கப்படுகிறார்கள். ஆகவே இன்று அதனையே உரைப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

ஒரு தாயாரின் அனுபவத்தை முதலில் சொல்லுகிறோம். காலையில் பெரட்டு முடிந்து வெட்டுக்குப் போனவருக்கு, மகன் பட்டணத்தில் கைதான செய்தி மாலையில்தான் கிடைத்தது. மறுநாள் நீதிமன்ற வாசலில் நின்ற ஒருவர், "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும், 1,800 ரிங்கிட் கொடுத்தால் பேசி முடிக்கிறேன்" என்றார். அம்மையார் தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தார். ஐந்தாம் நாள் மகன் வீடு திரும்பினான். "பார்த்தீர்களா, நான் பேசியதன் பலன்" என்றார் அந்த மனிதர். உண்மையில் நடந்தது என்ன? நீதிமன்றம் அனுமதித்த நான்கு நாள் தடுப்புக்காவல் முடிந்தது, வழக்குத் தொடர ஆதாரம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஒரு காசும் கொடாதிருந்தாலும் அவன் அன்றைக்கே வந்திருப்பான். சட்டம் தானே செய்யும் காரியத்திற்குத் தரகர்கள் விலை வாங்குகிறார்கள். கைதான ஒருவரை விடுவிக்கப் பணம் கொடுப்பது லஞ்சமாகிக் கொடுத்தவரையே குற்றவாளியாக்கக் கூடும் என்பதையும் அவர்கள் சொல்லுவதில்லை.

இனிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். நமது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவின்படி, கைது செய்யப்பட்டவருக்கு அதன் காரணத்தை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும்; தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தாம் இருக்குமிடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கைதானவருக்கு இடமளிக்கிறது. உடன் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டுமே அதிகாரி இதனைத் தாமதிக்கலாம். எனவே செய்தி கிடைத்ததும் போலீஸ் நிலையத்திற்குச் சென்று, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்து மூன்றே கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள்: எதற்காகக் கைது? எந்த லாக்கப்பில் இருக்கிறார்? எந்த நீதிமன்றத்திற்கு, எப்போது கொண்டுபோகிறீர்கள்? விசாரணை அதிகாரியின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"நான்கு நாளாக வைத்திருக்கிறார்களே, அப்படியானால் குற்றவாளி என்றுதானே பொருள்?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. 24 மணி நேரத்தில் விசாரணை முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற்றே மேலும் வைத்திருக்க முடியும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதலில் 4 நாள், மறுமுறை 3 நாள் என்பது உச்ச அளவு. 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமானால் 7 நாளும், மீண்டும் 7 நாளும். சில சிறப்புச் சட்டங்களில் கணக்கு வேறு. 2012ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் 28 நாள் வரை நீட்டிக்கலாம். அதில் ஜாமீனும் அரிது. ஆகவே எந்தச் சட்டத்தின்கீழ் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது பையன் வாய் திறந்து பேசலாம். அடிபட்டிருந்தால், நோய்க்கு மருந்து கிடைக்காதிருந்தால், அங்கேயே சொல்ல வேண்டும். அதைச் சொல்லுவதற்கு உரிய இடம் அதுதான்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லையே என்று மனம் உடைய வேண்டா. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் பணியைத் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம், மலேசியக் குடிமக்களுக்குக் கைது, தடுப்புக்காவல், ஜாமீன் ஆகிய கட்டங்களில் உதவுகிறது. அதன் வழக்கறிஞரைக் கேட்கப் பையனுக்கும் உரிமையுண்டு, உங்களுக்கும் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையானால் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பொருந்தும்: பெற்றோருக்கு உடனே அறிவிக்க வேண்டும்; வழக்கு சிறார் நீதிமன்றத்திற்குப் போகும். பிறப்புச் சான்றிதழை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஜாமீன் விஷயத்தில்தான் குழப்பம் மிகுதி. ஜாமீன் அபராதம் அன்று. வழக்கு நாளில் வந்து நிற்பார் என்பதற்கான பிணை அது. சில குற்றங்களில் ஜாமீன் பெறுவது உரிமை. சிலவற்றில் நீதிமன்றத்தின் விருப்பம். கடுமையான போதைப்பொருள் வழக்குகளில் கிடைப்பதில்லை. தொகை மிகையாக இருக்கலாகாது என்று சட்டமே சொல்லுகிறது. கட்ட இயலாத தொகையானால் வழக்கறிஞர் மூலம் குறைக்கக் கேட்கலாம், உயர்நீதிமன்றம் வரைக்கும். பணத்தை நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். வாசலில் நிற்பவரிடம் கொடுக்காதீர்கள். எல்லாத் தவணைகளுக்கும் ஒழுங்காக வந்தால், வழக்கு முடிந்ததும் அத்தொகை ஜாமீன் நின்றவருக்கே திரும்பி வரும். அந்த ரசீதை வீட்டுப் பத்திரம் போல் பாதுகாக்க வேண்டும். வழக்கு இரண்டு மூன்று ஆண்டு இழுத்துவிட்டால், ரசீது எங்கே என்று தேடி, கடைசியில் பணத்தைக் கேட்காமலே விட்டுவிட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

நட்புக்காக ஜாமீன் நிற்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் தலைமறைவானால் உங்கள் பணம் பறிமுதலாகலாம். அவர் போக்கு சரியில்லை என்று தோன்றினால், தம்மை விடுவிக்கும்படி நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

லாக்கப் வேறு, சிறைச்சாலை வேறு. முன்னது போலீசாருடையது, பின்னது சிறைச்சாலை இலாகாவினுடையது. குற்றஞ்சாட்டப்பட்டு ஜாமீன் எடுக்க முடியாதவர்கள் சிறைச்சாலைக்கே அனுப்பப்படுகிறார்கள். பெரியவர்கள் இன்னும் "புடுவில் போட்டுவிட்டார்கள்" என்கிறார்கள். புடு சிறைச்சாலை 1996இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்று சுங்கை பூலோ, காஜாங், தைப்பிங், தாப்பா என்று பல இடங்கள் உள்ளன. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் புறப்படும் முன், எந்தச் சிறை, பார்வையாளர் நாள் எது என்று தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். அடையாள அட்டை கட்டாயம். பலகாரம் கட்டிக்கொண்டு போய் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட தாய்மாரின் வருத்தம் பெரிது. எதை அனுமதிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தண்டனை பெற்றவர் எப்போது வருவார் என்பது அடுத்த கேள்வி. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட தண்டனையில், நன்னடத்தையோடு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்பது மாதம் ஆறு மாதமாகும். 2008ஆம் ஆண்டு முதல் பரோல் முறையும் உண்டு. அபராதம் கட்டாததற்காகச் சிறையிருப்பவருக்குப் பாதித் தொகையைச் செலுத்தினாலும் அதற்கேற்ப நாள் குறையும்.

கூட்டம் முடிந்ததும் நாம் உடனே புறப்படப் போவதில்லை. இரவு ஒன்பது மணி வரை மண்டபத்துப் பின்னறையில் இருப்போம். கையில் கடிதமோ ரசீதோ வைத்திருப்பவர்கள் அதனை எடுத்துக்கொண்டு வாருங்கள். மலாயில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுகிறோம்.