பள்ளி நூலக பீரோவும் பல்வங்கர் பாலுவும்

(புதுச்சேரி, தட்டாஞ்சாவடியில் இரவுப் பாடசாலை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் ‘விளையாட்டும் தலித் விடுதலையும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. நான் பி.டி. மாஸ்டர். விசில் ஊதிப் பிழைச்சவன். ஆனால் விசிலோடு இன்னொன்றும் பல வருசம் என்கிட்ட இருந்தது. நூலக பீரோ சாவி. நூலகர் இல்லாத பள்ளிக்கூடத்தில் ‘உனக்குத்தான் மதியத்துல வகுப்பு இல்லையே’ என்று பி.டி. மாஸ்டர் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். அந்த பீரோவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதற்குள் விளையாட்டு வீரர்கள் பற்றிய புத்தகங்கள் ஏழெட்டு இருந்தன. வழவழத் தாள், கலர் படம், ஆளுக்கு ஒரு பக்கம் அல்லது ரெண்டு பக்கம். பிறந்த ஊர், பிறந்த தேதி, வாங்கின பதக்கம், கிடைத்த விருது. வினாடி வினாவுக்குப் பையன்கள் கேட்டு வாங்குவார்கள். பாடப் புத்தகத்தைத் தொடாதவன்கூட அதைத் தொடுவான். அதனால் அதைச் சாதாரணமா நினைக்கக் கூடாது. ஒரு பிள்ளை தானாகத் தேடி வந்து படிக்கிற முதல் வரலாறு அதுதான்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன். காலனிப் பையன். வேகப்பந்து போடுவான். அவன் ஓடி வந்து போட்டால் பந்தைப் பிடிக்கிற கீப்பர் கையை உதறிக்கொண்டு நிற்பான். அப்படி ஒரு கை. அவன் ஒரு புத்தகத்தை எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: “சார், இதுல எங்காளு யாராச்சும் இருக்காங்களா?”

நானும் அவன் ஆள்தான். அவனுக்கும் அது தெரியும், அதனால்தான் என்னிடம் கேட்டான். நான் சொன்ன பதில், “தெரியலடா.”

இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. தெரியலன்னு சொன்னதுகூடத் தப்பில்லை. தேடிப் பார்க்கிறேன்டா என்று சொல்லாமல் விட்டேனே, அதுதான். பத்தாவது முடிக்காமல் அவன் போய்விட்டான். இப்போது இங்கே தொழிற்பேட்டையில்தான் லோடு ஏற்றுகிறான். இன்றைக்கு ஷிஃப்ட், வரவில்லை.

அந்தப் பதிலைத் தேடி நான் பிறகு படித்ததில் ஒருவரை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பல்வங்கர் பாலு. பாலு என்றால் நம்ம பிள்ளைகளுக்கு ஜங்கிள் புக் கரடிதான் ஞாபகம் வரும். இது மனுசன்.

1876 இல் தார்வாரில் பிறந்தவர். சமார் சாதி. தோல் வேலைக்கு என்று ஒதுக்கப்பட்ட சாதி. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்கி உருட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார், அங்கே 4 ரூபாய். வலை கட்டணும், ஆடுகளத்தைப் பராமரிக்கணும், துரைமார்கள் பழகுவதற்குப் பந்து போடணும். இடதுகை சுழற்பந்து. கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஆனால் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து போடுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கௌரவம். இந்தப் பிரிவினையை நீங்கள் வேறெங்கேயும் பார்த்ததில்லையா என்ன?

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயசில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு டீமுக்கு மேட் விரிப்போம், ரோலர் இழுப்போம், வலையில் அவர்கள் களைக்கும் வரை பந்து போடுவோம். மேட்ச் அன்றைக்குப் பதினோரு பேரில் நாங்கள் இருக்க மாட்டோம். தாகம் என்றால் கையைக் குவித்து வாங்கிக் குடிக்கணும், சொம்பு எங்கள் கைக்கு வராது. ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்று பிரெஞ்சுக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன ஊர் இது. அதனால் பாலுவின் கதையைப் படித்தபோது எனக்கு அது வரலாறு மாதிரியே இல்லை. நேற்று நடந்த மாதிரி இருந்தது.

பூனாவின் இந்து அணிக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்கணும். ஜெயிக்க பாலு வேணும். சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்குவாதம் நடந்து, கடைசியில் சேர்த்தார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கி எறிகிற மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனி இடம், தனித் தட்டு. அந்தப் பந்து தோல் பந்து என்பதை மறந்துவிடாதீர்கள். இன்றைக்கும் மீரட்டில் கிரிக்கெட் பந்து தைக்கிற கைகளில் பெரும்பாலானவை ஜாதவ் கைகள். தோலைப் பதமாக்கித் தைத்துக் கொடுக்கிற வரைக்கும் தீட்டு. தைத்து முடித்ததும் பந்து.

1896 இல் பாலு பம்பாய்க்குப் போனார். 1906 இல் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் தோற்கடித்தது. அந்த அணியில் பாலுவும் இருந்தார், தம்பி சிவராமும் இருந்தார். 1911 இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா. அவர் சில ஆட்டங்களோடு ஒதுங்கிக்கொண்டார். 23 ஆட்டத்தில் 15 தோல்வி. அந்தத் தோல்விகளுக்கு நடுவில் ஒரு மனிதர் மட்டும் 114 விக்கெட் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டம் கொடுத்து 8 விக்கெட். அப்போது வயசு 35. மொத்த வாழ்க்கையில் 33 முதல்தர ஆட்டங்கள், 179 விக்கெட், சராசரி 15.21. கிரிக்கெட் தெரிந்த தம்பிகள் இந்தச் சராசரியைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தவருக்குக் கேப்டன் பதவி உண்டா? கிடையாது. 1920 இல் அவரை அணியிலிருந்தே விட்டுவிட்டு, பூனாவின் பார்ப்பனப் பேராசிரியர் தியோதரிடம் தலைமையைக் கொடுத்தார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். இதை நான் வேலைநிறுத்தம் என்றே சொல்வேன். அதன் பிறகு இறங்கி வந்து பாலுவைத் துணைக் கேப்டனாக்கினார்கள். 1923 இல் விட்டல் கேப்டனானார், ஐரோப்பியரைத் தோற்கடித்தார். சாதி இந்துக்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் கேட்டது தம்பிக்குக் கிடைத்தது.

இப்போது பீரோவுக்கு வருகிறேன். ரஞ்சி கோப்பை அரச குடும்பத்து ரஞ்சித்சிங்கின் பெயரில். துலீப் கோப்பை அவர் சகோதரர் மகன் பெயரில். 1973-74 இல் தொடங்கிய ஒருநாள் போட்டிக்கு யார் பெயர்? தியோதர் கோப்பை. அவர் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் பாலுவுக்குப் பதிலாகத் தலைமை பெற்றவர் பெயர் பிள்ளைகள் வாயில் தினமும் வருகிறது, பாலுவின் பெயர் வரவில்லை. எங்கள் கைக்கு அவர் கதை முழுசாக வந்து சேர்ந்ததே, 2002 இல் ராமச்சந்திர குகா ஆங்கிலத்தில் எழுதிய கிரிக்கெட் வரலாற்றுக்குப் பிறகுதான்.

சரி, இனிமேல் புத்தகங்களில் பாலுவைச் சேர்த்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எப்படிச் சேர்ப்பார்கள்? எனக்குத் தெரியும். ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்து, விடாமுயற்சியால் உயர்ந்தவர்.’ இந்த ஒரு வாக்கியத்தை அந்த பீரோவுக்குள் எத்தனை பக்கத்தில் படித்திருக்கிறேன் தெரியுமா? ஏழை என்ற சொல்லுக்குள் எங்க சனங்களை எல்லாம் போட்டு மூடிவிட்டார்கள். மண் குவளையைக் கொடுத்தது வறுமையா? 114 விக்கெட் எடுத்த பிறகும் பாலு ஏழை என்பதாலா கேப்டன் பதவியை மறுத்தார்கள்? வறுமைக்கு எதிரி கிடையாது, விதி என்று சொல்லிவிடலாம். சாதிக்குச் செய்தவன் ஒருவன் இருக்கிறான். அவனைக் காப்பாற்றத்தான் அந்த வாக்கியம்.

அமெரிக்காவில் 1947 இல் ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் பெரிய லீக்கில் நிறத்தடையை உடைத்து ஆடினார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுதின புத்தகத்தில்கூட அவர் கறுப்பர் என்பதும், மைதானத்தில் அவரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதும் வருகிறது. அது இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. நம்ம ஊரில் மட்டும் ‘சின்னப் பசங்ககிட்ட சாதியப் பேசலாமா’ என்று கேட்பார்கள். சின்னப் பசங்களுக்குச் சாதி தெரியாதா? வந்தனா கட்டாரியாவைக் கேளுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று ஹரித்வார் பக்கம் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று வசை பாடினார்கள். அந்தத் தெருவில் எத்தனை சின்னப் பசங்க அதைக் கேட்டிருப்பார்கள்?

இன்னொரு வகை மறைப்பும் உண்டு. இந்தப் புத்தகங்களைத் தயாரிக்கிறவர்கள் பதக்கப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கிவிட்டால்? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளையில் வேலை செய்த தலித் பெற்றோரின் மகள். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. கலைஞர் அரசு 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தது. ஆனால் பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். 2009 இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமெனியாவுக்கு இதே பிரச்சினை வந்தபோது அந்த நாடே அவர் பின்னால் நின்றது. ஒடிசாவின் டூட்டி சந்த் 2015 இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி வென்றார். அரசாங்கம் துணை நின்றது. சாந்திக்கு 2006 இல் யார் நின்றார்கள்? அவர் பிற்பாடு பயிற்சியாளராகி அடுத்த தலைமுறையை ஓட வைத்தார். பட்டியலை மட்டும் பார்த்துப் புத்தகம் போடுகிறவனுக்கு சாந்தி பிறக்கவே இல்லை.

சினிமா கொஞ்சம் முந்திக்கொண்டது. 2021 இல் சார்பட்டா பரம்பரை, 2024 இல் ப்ளூ ஸ்டார், 2025 இல் மணத்தி கணேசனின் கபடி வாழ்க்கையை ஒட்டி வந்த பைசன். எல்லாம் கொட்டாயில் உட்கார்ந்து பார்த்தேன், விசிலும் அடித்தேன், பழக்கம் போகுமா? ஆனால் சினிமாவில் பேர், ஊர், வருசம் மாறும். மாற்ற வேண்டியும் இருக்கும். புத்தகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு பையன் சந்தேகம் வந்து மறுபடி புரட்டினால் அதே பக்கத்தில் அதே எண் இருக்கணும்.

நாமே அப்படி ஒரு புத்தகம் எழுதலாம் என்று இந்தப் பாடசாலைத் தோழர்கள் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வரக்கூடாது. பாலுவின் கதை 1923 இல் முடியவில்லை. 1932 இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். நம்ம இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் போட்ட அதே தாளில். 1937 தேர்தலில் பம்பாயில் பாபாசாகேப்பை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அண்ணலுக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. இத்தனைக்கும் 1911 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய பாலுவுக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் கொடுத்த வரவேற்பில் மாணவரான அம்பேத்கரும் பங்கெடுத்ததாக குகா எழுதுகிறார்.

போன வாரம் இதைச் சொன்னதும் ஒரு தம்பி, “அப்ப அவரு நமக்கு வேணாம் சார்” என்றான். இன்னொருத்தன், “1937ஐ விட்டுட்டு எழுதலாம் சார்” என்றான். ரெண்டும் எனக்கு ஒப்பவில்லை. விட்டுவிட்டு எழுதினால், சாதியை விட்டுவிட்டு எழுதுகிறானே அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? 1937 இல் அவர் எடுத்த நிலை தவறு என்பது என் கருத்து. அதையும் எழுதுவோம். மண் குவளையையும் எழுதுவோம். படிக்கிற பிள்ளை சண்டை போடட்டும்.

உயிரோடு இருப்பவர்கள் விசயத்தில் மட்டும் கவனம். சாதியைச் சொல்ல முடியாமல் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையில் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களை நாம் காட்டிக் கொடுக்கக் கூடாது. எழுதியதை அவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, சரி என்று சொன்னால்தான் புத்தகத்தில் வரணும். வேண்டாம் என்றால் கிழித்துவிடணும். எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும்.

பெரிய பதக்கம் வாங்கினவர்கள் மட்டும் என்றும் வைக்காதீர்கள். உப்பளம் மைதானத்தில் மாநில அளவில் ஆடிவிட்டு இப்போது ஆட்டோ ஓட்டுகிறவர், கபடி ஆடி முட்டி போனவர், கல்யாணத்தோடு ஓட்டத்தை நிறுத்தின அக்காக்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். என்ன ஆட்டம், எந்த வருசம், யார் சேர்த்துக்கொண்டார்கள், யார் சேர்க்கவில்லை, தண்ணீர் எதில் குடித்தார்கள். இதை எல்லாரிடமும் கேட்கணும்.

ஆளுக்கு ஒரு எண்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், திருத்த இடம் வேணும். பாலுவை நான் எழுதித் தருகிறேன். லோடு ஏற்றுகிறவன் கதையை, அவன் சம்மதித்தால், அவன் மகள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். பேனாவை மறந்துட்டு வராதீங்க, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.