வண்டி நிறுத்தக் கட்டணமும் நம் உரிமையும்



தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் மும்பை, தில்லி, பெங்களூரு, ஐதராபாத், புணே, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு அந்தந்த ஊர் மொழி ஓரளவு கைவந்துவிடுகிறது. காய்கறிக் கடையில் பேரம் பேசுகிறோம். வீட்டுக்காரரிடம் வாடகையைப் பற்றி வாதாடுகிறோம். ஆயினும் ஓரிடத்தில் மட்டும் நம் வாய் அடைத்துப் போகிறது. ரயில் நிலையத்தின் வாயிலிலோ, கடைத்தெருவிலோ, பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்திலோ நிறுத்திய வண்டியை எடுக்கப் போகிறோம். ஒருவர் சீட்டுக் கட்டுடன் எதிரே வந்து ஒரு தொகையைச் சொல்கிறார். பலகையில் 20 ரூபாய் என்றிருக்கும். அவர் கேட்பது 40 ரூபாயாக இருக்கும். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஒலிப்பானை அழுத்துகிறார். ஊரிலிருந்து வந்திறங்கிய பெரியவர்கள் மூட்டை முடிச்சுடன் காத்து நிற்கிறார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

இருபது ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்று சிலர் எண்ணலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. ஒரு நிறுத்துமிடத்தில் நாளொன்றுக்கு 300 வண்டிகள் வந்து போவதாகவும், ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்றுக்கு 90,000 ரூபாய் ஆகிறது. இதில் ஒரு காசும் நகராட்சியின் கணக்கில் ஏறாது. மேலும், ஊர் புதிது, மொழி புதிது என்பதற்காகவே ஒருவரிடம் கூடுதலாகக் கேட்கப்படுமானால், இழப்பது பணம் மட்டுமன்று. அந்த ஊரில் நாமும் ஒரு குடிமகன் என்னும் நிலையும் அங்கே சிறிது குறைந்துபோகிறது. ஆகவே, தனியார் வசூலிக்கும் வண்டி நிறுத்தக் கட்டணத்தை எப்போது கேள்வி கேட்கலாம், எவ்விடத்தில் முறையிடலாம் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதற்கண், பணம் கேட்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தினால் போக்குவரத்துக் காவலர் அபராதம் விதிக்கிறார். அது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அரசு விதிக்கும் தண்டம். அதை மறுக்க விரும்புவோர் அதற்கென உள்ள சட்ட வழியை நாட வேண்டும். சீட்டுக் கிழித்துக் கொடுப்பவரின் நிலை வேறு. அவர் ஒரு குத்தகைதாரரின் ஆள். மாநகராட்சியோ, ரயில்வே நிர்வாகமோ ஏலம் விட்டு, இன்ன இடத்தில், இன்ன விகிதத்தில் கட்டணம் வசூலித்துக்கொள் என்று குத்தகைதாரருக்கு உரிமை அளித்திருக்கிறது. அந்த விகிதத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால், சாலையோரத்தில் நிற்கும் வண்டிக்குக் கட்டணம் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. காவலரைப் போன்ற உடை அணிந்திருப்பதாலோ, கழுத்தில் அட்டை தொங்குவதாலோ அவர் அரசு அதிகாரி ஆகிவிட மாட்டார்.

இனி, அவர் தரும் சீட்டு என்ன என்பதைப் பார்ப்போம். சட்டத்தின் கண்ணில் அது ஓர் ஒப்பந்தத்தின் அடையாளம். இடம் தருகிறேன் என்று ஒருவர் சொல்ல, கட்டணம் தருகிறேன் என்று மற்றவர் இசைகிறார். இந்த உறவை ஆள்வது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். சீட்டு தொலைந்துவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று சில இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதற்கு ஒரு வரம்பு கட்டுகிறது. ஒப்பந்தத்தை மீறியவர் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான ஈடு மட்டுமே பெற முடியும் என்கிறது அப்பிரிவு. 1963-இல் பதேசந்த் என்பார் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை விரிவாக விளக்கியிருக்கிறது. அது நிலம் விற்ற வழக்கு. ஆனால் கொள்கை ஒன்றே. ஆகவே, சீட்டைத் தவறவிட்டவர் வண்டியின் பதிவுச் சான்றையும் தம் அடையாள அட்டையையும் காட்டி, வண்டி தம்முடையது என்று மெய்ப்பித்த பிறகும் முழு 500 ரூபாயைக் கேட்டால், அதற்கு ஈடான இழப்பு என்ன நேர்ந்தது என்று வினவுவது முறையே ஆகும்.

சீட்டின் பின்புறம் மற்றொரு வாசகம் சிறிய எழுத்தில் இருக்கும். வண்டிக்கு நேரும் திருட்டுக்கும் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பன்று என்பது அதன் கருத்து. இதை வேதவாக்காக எண்ணிப் பலர் வாய் திறப்பதில்லை. 1998-இல் தில்லியில் ஒரு பெரிய ஓட்டலுக்கு வந்த விருந்தினர் ஒருவர், தம் காரின் சாவியை அங்குள்ள ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்து பார்த்தால் காரைக் காணவில்லை. வேறொருவர் சாவியை எடுத்து ஓட்டிச் சென்றுவிட்டார். சீட்டில் பொறுப்பில்லை என்ற வாசகம் இருந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2019 நவம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்தது. சாவியைப் பெற்றுக்கொண்டவர், தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல அதைக் காக்க வேண்டும். தம் கவனக்குறைவுக்குத் தாமே ஒரு வாசகம் எழுதி விலக்குப் பெற முடியாது என்று நீதிமன்றம் கூறிற்று. சாவியை ஒப்படைப்பதும், சாவியை நம்மிடமே வைத்துக்கொண்டு இடத்துக்கு மட்டும் வாடகை தருவதும் ஒன்றல்ல என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பின்னதில் காவற் பொறுப்பு அத்துணை எளிதில் எழாது.

வணிக வளாகங்களின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஐதராபாத்தில் வாழும் நம்மவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தெலங்கானா அரசு 2018-இல் பிறப்பித்த ஆணைப்படி, வணிக வளாகங்களில் முதல் 30 நிமிடத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரம் வரையில், அங்கே பொருள் வாங்கிய பில்லைக் காட்டினால் கட்டணம் இல்லை. அதற்கும் மேற்பட்டால், கட்டணத்தைவிட அதிகத் தொகைக்கு வாங்கிய பில்லோ சினிமா டிக்கெட்டோ இருந்தால் போதும். குஜராத்தில், வளாகங்கள் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குவதற்குச் சட்டம் இடந்தரவில்லை என்று அம்மாநில உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. கேரளத்திலோ, நகராட்சியின் உரிமம் பெற்ற வளாகம் கட்டணம் வாங்கலாம் என்று அங்குள்ள உயர்நீதிமன்றம் 2025-இல் கூறியிருக்கிறது. நகராட்சி நிர்வாகம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே சென்னையில் கண்ட வழக்கத்தை வைத்துக்கொண்டு அகமதாபாத்தில் வாதாடவும் கூடாது; அகமதாபாத்தில் கேட்டதைக் கொச்சியில் சட்டமாகச் சொல்லவும் கூடாது. நாம் வாழும் ஊரின் விதியை நாம் அறிந்திருக்க வேண்டும்.

சரி, பணம் கேட்டு நிற்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன? ஒரே சொல்லை நாம் பழகிக்கொண்டால் போதும். அது ரசீது. இந்தியிலும் வங்காளியிலும் ரசீத், கன்னடத்தில் ரசீதி, தெலுங்கில் ரசீது, மலையாளத்திலும் ரசீதே. மராத்தியில் மட்டும் பாவதி என்பார்கள். இலக்கணம் தெரியாவிட்டாலும் இந்தச் சொல்லைத் தெளிவாகச் சொன்னால் எந்த ஊரிலும் விளங்கும். பணத்துக்கு ரசீது தராமல் இருப்பது நேர்மையற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 40 ரூபாய்க்கு ரசீது கேட்டதும், கட்டணம் 20 ரூபாயாகக் குறைந்துவிடுவதும் உண்டு.

அடுத்து, கட்டண விகிதம் எழுதிய பலகையை நம் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையே இல்லையெனில், பலகை இல்லாத அந்த நுழைவாயிலைப் படம் எடுக்க வேண்டும். கூடுமானவரை யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்துவது நலம். தேதி, நேரம், தொகை, பெற்றவர் பெயர் ஆகிய நான்கும் அதில் பதிவாகிவிடும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, குழந்தை அழுகிறது என்ற நிலையில் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிறகு முறையிடுவதே விவேகம். கொடுத்ததனால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. ரசீதின் மேல், கூடுதல் தொகையை ஆட்சேபித்துச் செலுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதி, அதையும் படம் எடுத்துக்கொள்ளலாம். வண்டியை எடுக்க விடாமல் வழிமறித்தாலோ மிரட்டினாலோ 112 என்ற எண்ணை அழைத்துக் காவல்துறையின் உதவியைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயிலிலும் மழையிலும் நின்று சீட்டுக் கிழிக்கும் அந்த இளைஞரும் பெரும்பாலும் நம்மைப் போலவே பிழைப்புக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர். மாலையில் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று அவருக்கு மேலே ஒருவர் கணக்கு வைத்திருப்பார். அவரிடம் குரலை உயர்த்துவதால் பயன் இல்லை. குத்தகைதாரரின் பெயரையும் முகவரியையும் அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதே மேல்.

வீடு திரும்பிய பின், அன்றே குத்தகைதாரருக்கும், அவருக்கு உரிமை அளித்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். இடம், நாள், நேரம், வண்டி எண், பலகையில் கண்ட தொகை, வாங்கிய தொகை, திரும்பப் பெற வேண்டிய தொகை ஆகியவை போதும். கோபச் சொற்கள் வேண்டா. ரயில் நிலையமாயின் 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலும் புகார் பதியலாம். சில விமான நிலையங்களிலும் வளாகங்களிலும் பாஸ்டாக் வழியாகக் கட்டணம் தானே கழிந்துவிடுகிறது. ஒரே வருகைக்கு இருமுறை கழிந்திருந்தால், அந்த பாஸ்டாக்கை வழங்கிய வங்கியிடம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

இவற்றால் பயன் விளையாவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கே தமிழிலும் பேசலாம். கொல்கத்தாவில் இருந்துகொண்டு, வங்காளியோ இந்தியோ சரளமாக வராத நம் வீட்டு மூதாட்டியும் தம் குறையைத் தம் மொழியில் சொல்ல இயலும் என்பது சிறிய வசதி அன்று. அவர்கள் எதிர்த்தரப்புக்கு எழுதி இணக்கம் காண முயல்வார்கள். தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

தீர்ப்பு வேண்டுவோர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். இங்கேதான் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியூர்வாசிகளுக்குப் பெரும் நன்மை செய்திருக்கிறது. முன்னிருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலும், வேலை பார்க்கும் இடத்திலும் தொடுக்கலாம் என்கிறது. புணேயில் வாழும் ஒருவரிடம் தில்லியில் அநியாயக் கட்டணம் வாங்கப்பட்டிருந்தால், அவர் புணேயிலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் ஆணையக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, தாமே எடுத்துரைக்கலாம். இணையவழியாகப் புகாரைப் பதியலாம். காணொலி வழியாக விசாரிக்கும்படி கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதனினும் நீளக்கூடும். எனவே பொறுமையும் வேண்டும்.

ஆட்சேபிக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதனால் எல்லாக் கட்டணத்தையும் ஆட்சேபிக்கலாம் என்பது பொருளன்று. பலகையில் எழுதியிருந்த விகிதத்தை வாசித்துப் பார்த்து நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து, ஒரு மணிக்குரியதைத்தான் தருவேன் என்பது வழக்காகாது. கொடுக்க வேண்டியதைத் தயங்காமல் கொடுப்பவரின் ஆட்சேபத்துக்கே ஆணையத்திலும் மதிப்பு உண்டு.

நம் சங்கங்களும் மன்றங்களும் இதில் ஒரு பணி செய்யலாம். நகரத்தின் முக்கிய நிறுத்துமிடங்களில் மாநகராட்சி நிர்ணயித்த கட்டணம் என்ன, புகார் செய்ய வேண்டிய அலுவலகம் எது, அதன் தொலைபேசி எண் என்ன என்பவற்றை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, பொங்கல் விழாவுக்கு வருவோர் கையில் கொடுக்கலாம். அந்த ஊருக்குப் புதிதாக வந்திறங்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு தாள் பெரிதும் பயன்படும்.