அறியாமைக்குக் காவல் எதற்கு?



நூல்களைத் தடை செய்துவிட்ட ஒரு சமுதாயத்தில் அறியாமை மகிழ்ச்சி தருமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. ரே பிராட்பரி 1953-இல் எழுதிய 'பாரன்ஹீட் 451' நாவலை உங்களில் சிலர் படித்திருக்கலாம். அதில் தீயணைப்புப் படையின் வேலையே புத்தகங்களைக் கொளுத்துவதுதான். படித்தால் மனம் குழம்பும், குழம்பினால் மகிழ்ச்சி போய்விடும் என்பது அதிகாரி சொல்லும் நியாயம். ஆனால் சுவர் சுவராகத் தொலைக்காட்சி வைத்துக் களித்திருக்கும் கதாநாயகனின் மனைவி, கதையின் தொடக்கத்திலேயே தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிக் கிடக்கிறாள். மறுநாள் அவளுக்கு அது நினைவிலும் இல்லை. அந்த ஊர் மகிழ்ச்சியின் தரம் அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இருக்கும் கல்மரத்தை நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்து சொன்னார். அதற்கு முன்பு அது கிடக்கும் ஓடைப் பக்கம் ஆடு மேய்த்தவருக்கு, அது கல்லாகிப்போன மரம் என்பதும் இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதும் தெரியாது. அதனால் அவர் சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறியாமைக்கு யாரும் காவல் நிற்கவில்லை. தெரியாமல் இருப்பது வேறு, தெரியவிடாமல் வைப்பது வேறு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, பழந்தமிழ் நூல்களை ஏடு தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரை விட நல்ல சான்று கிடையாது. அவர் பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி இந்தப் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் கழிந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டார். குன்னத்தில் இருந்தார். பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். பிறகு 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25, கற்க வேண்டியதைக் கற்றாயிற்று என்ற நிறைவு.

அந்த நிறைவைக் கலைத்தவரும் அரியலூரிலிருந்து வந்தவர்தான். அங்கே முன்சீபாக இருந்து மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியார். ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

அன்றைக்குப் போன நிம்மதி அவருக்குத் திரும்பவே இல்லை என்று சொல்லலாம். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார். இடையிலெல்லாம் கடன், அலைச்சல், ஏச்சு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனால், பழுதான சுவடிகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். சொன்னவர்களுக்கு வருத்தமில்லை, சாத்திரப்படி செய்த திருப்தி! தடைச் சட்டம் எதுவும் இல்லாமலேயே வெந்துபோன நூல்கள் அவை. அறியாமை தரும் மகிழ்ச்சியை நேரில் காண விரும்புகிறவர்கள் அந்தக் கோயில் பணியாளர்களை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏடு இருந்த வீடுகளின் படியேற முடியாதவர்கள் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்தார்கள் என்று சொன்னவர்கள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவர்கள். தெருவில் நின்றவரை யாரும் கேட்டதில்லை.

சட்டம் போட்டுத் தடுத்த கதையும் நமக்கு உண்டு. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. எஸ். ஆர். அரங்கநாதன் கனவு கண்டு உழைத்த சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். அதே 1948-இல், அதே ஓமந்தூரார் ஆட்சியில், புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' தடை செய்யப்பட்டது. ஒரு கையால் நூலகத்தைத் திறந்தார்கள், மறு கையால் நூலைப் பூட்டினார்கள். 1971-இல்தான் தடை நீங்கியது. இந்த 23 ஆண்டுகளில் அந்தக் காவியத்தைப் படிக்காததால் தமிழன் கூடுதலாக மகிழ்ந்தான் என்று வாதாட ஓர் ஆளை எனக்குக் காட்டுங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்தவர்களும் யாரையும் மகிழ்விப்பதற்காக எரிக்கவில்லை.

அறியாமை உண்மையிலேயே இன்பமானால் அதற்குப் பூட்டும் காவலும் தேவைப்படாது. மக்களே விரும்பி அதில் கிடப்பார்கள். காவல் போட வேண்டியிருக்கிறது என்றாலே, அந்த இன்பம் காவல் போட்டவருடையது.

இன்று நம் மாவட்டங்களில் யாரும் நூலைக் கொளுத்தவில்லை. புத்தகத் திருவிழாவும் நடக்கிறது, கூட்டமும் வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் எத்தனை திறந்திருக்கின்றன? வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நீங்கள் கட்டுகிறீர்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.