வேகமும் சிக்கனமும்

பிழைப்பை நாடி வடபுலம் வந்து வாழும் நம்மவருள், விரைந்தோடும் மோட்டார் வண்டியின்பால் ஆசை கொண்டோர் உளர். நாமும் அவருள் ஒருவரே. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சிட்டி விடெக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். அதுவும் போதாதென்று கருதி, பட்டறையொன்றில் அகன்ற புகைக்குழாய் பொருத்தினோம். ஓசை பெருகிற்று, வேகம் பெருகவில்லை. அம்மாதம் ஊரிலிருக்கும் அன்னையாருக்கு வழக்கமான தொகையிற் பாதியே அனுப்ப முடிந்தது. அன்று கற்ற பாடத்தையே இன்று சொல்ல விழைகிறோம்.

புதுத் திறனைச் சேர்க்குமுன், இழந்த திறனை மீட்டல் வேண்டும். அழுக்கேறிய காற்று வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக்கு, இடைவெளி பிசகிய வால்வு, சக்கரத்தை விடாது உரசும் பிரேக்கு, காற்றுக் குறைந்த டயர் ஆகிய ஒவ்வொன்றும் வலிமையைத் திருடும், பெட்ரோலையும் வீணாக்கும். இவற்றைச் செப்பனிட்டால் வேகமும் சிக்கனமும் ஒருங்கே கிட்டும்.

டர்போ இல்லாத இத்தகைய எஞ்சினில், அதனை ஆளும் கணிப்பொறியின் கட்டளைகளை மாற்றுவதால் வரும் ஆதாயம் சொற்பம். எஞ்சினுக்கு வேண்டிய ஆக்டேன் எண்ணுக்கு மேற்பட்ட விலையுயர்ந்த பெட்ரோலாலும் பயன் இல்லை. பணம் மிஞ்சின், நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுக. பிரேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நலம்.

2025-இல் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. எத்தனாலின் ஆற்றல், அதே அளவு பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆகவே மைலேஜ் சிறிது குறைவது இயல்பு. பழைய வண்டியாயின் எரிபொருட் குழாய்களையும் சோதித்தறிக.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஊரிலிருந்து கொணர்ந்த வண்டியை 12 மாதங்களுக்கு மேல் பிற மாநிலத்தில் வைத்திருப்போர் புதுப் பதிவெண் பெறுதல் வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு.

இறுதியாக ஒன்று. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குச் சென்றால், தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகும். எனவே செலவைக் குறைக்கும் முதற்கருவி நம் வலக்காலே.

நம் வண்டியில் ஆலையார் பொருத்திய புகைக்குழாயே மீண்டும் இடம்பெற்றுவிட்டது. அன்னையாருக்கும் முழுத்தொகை செல்கிறது.