கதையில் தற்செயல்



கதையில் தற்செயலை நம்பவைப்பது எப்படி என்பதைப் பேச இந்தக் கீழக்குயில்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இங்கே தற்செயலே குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1914இல் குற்றப்பரம்பரைச் சட்டம் கள்ளர் சமூகத்தார்மீது பாய்ந்தபோது முதலில் சிக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. ரேகை வைத்தவன் ராத்திரிச் சீட்டு இல்லாமல் வேற்றூரில் அகப்பட்டால், "மாமன் வீட்டுக்கு வந்தேன், பொழுது சாய்ந்துவிட்டது" என்பது எடுபடாது. அவன் அங்கே இருந்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அரசாங்கம் முன்பே எழுதி வைத்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், சாதிச் சமூகத்தில் சந்திப்புகள் பெரும்பாலும் தாமாக நடப்பதில்லை. ஊருக்கு ஒரு டீக்கடை, ஒரு பஸ், ஒரு பம்புசெட். யார் எந்நேரம் எந்த வழியில் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். காதலர் இருவரையும் பெண்ணின் சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டார் என்று எழுதினால், நகரத்து வாசகர் "எப்படிச் சரியாக அங்கே வந்தார்?" என்று கேட்கலாம். நம் சேரி வாசகர் கேட்கமாட்டார்.

2012இல் இமையத்தின் 'பெத்தவன்' வந்தது. தலித் இளைஞனை விரும்பும் மகளைக் கொல்லச் சொல்லி ஊர் தகப்பனை நெருக்குகிறது. அவர் மகளைத் தப்பவிட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனி எரிந்தது. தலித் இளைஞரை மணந்த பெண்ணின் தகப்பன் உயிரை விட்ட பின்னர் நடந்த தீவைப்பு அது. கதை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று வியந்தவர்கள் பலர். நாங்கள் வியக்கவில்லை. பஞ்சாயத்து, மானம், பெண், தகப்பன் எல்லாம் அந்தந்த இடத்தில் ஏற்கெனவே நின்றன. இமையம் அவை நின்ற இடத்தைப் பார்த்து எழுதினார், ஜோசியம் பார்க்கவில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு, அது பெரிது. கதையில் தகப்பனின் சாவு மகளுக்கு வழிவிட்டது. நத்தத்தில் தகப்பனின் சாவைத் தீப்பந்தமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் மன்றத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் உள்ள சிக்கல் வேறு. அடி விழும் நேரத்தில் ஜீப் வருகிறது. உள்ளே நல்ல அதிகாரி. அவர் நாயகனுடன் படித்தவர். இந்த ஜீப்பை நாங்கள் அடித்துவிடுகிறோம். எழுதியவருக்கு வருத்தம்தான். "ஒரு நல்லவன்கூட வரக்கூடாதா?" என்கிறார். வரட்டும். ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே வரட்டும். டீக்கடையில் எந்தக் கிளாஸில் அவருக்கு டீ கொடுத்தார்கள், இவரைக் கண்டதும் பழைய சிநேகிதத்தை ஒப்புக்கொண்டாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா, எல்லாம் நமக்குத் தெரியட்டும். பிறகு அந்த ராத்திரி அவர் வந்தாலும் நம்புவோம், வராவிட்டாலும் நம்புவோம்.

துன்பத்தைக் கொண்டுவரும் தற்செயலை வாசகர் சட்டென்று ஏற்றுக்கொள்வார். அவர் வாழ்க்கையில் அதுதான் அடிக்கடி வந்திருக்கிறது. விடுதலையைக் கொண்டுவருவதற்குத்தான் ரசீது கேட்பார். பூமணியின் 'வெக்கை'யில் ஒளிந்து திரியும் தகப்பனையும் மகனையும் காப்பாற்ற எந்த ஜீப்பும் வரவில்லை. கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள், அதுவும் அவர்களே யோசித்து எடுத்த முடிவு.

அடுத்த முறை பிரதி அனுப்பும் தோழர்கள் அந்த ஜீப்பை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.