ஆஸ்பத்திரிப் பையில் இருந்த புத்தகங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சமீபத்தில் படிச்சதில் பிடிச்சதைப் பத்திப் பேசுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. "சந்தா, உள்கடன், வசூல்னு பேசுற இடத்துல கதைப் புத்தகத்தைப் பத்திப் பேசினா யாருக்கா கேப்பா"ன்னு கேட்டேன். "நீ ஆஸ்பத்திரில உக்காந்து படிச்சதைச் சொல்லு, கேப்பாங்க"ன்னாங்க. அதனால் ஆஸ்பத்திரியில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் சின்ன மகளைப் பத்தி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அஞ்சு வயசில் ஒரு நாள் காலையில் எந்திரிக்கும்போது கண் ரெண்டும் வீங்கி, குளவி கொட்டின மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் வத்திருச்சு. மறுநாள் காலையில் மறுபடியும். பூச்சிக்கடின்னாங்க, கண்ணேறுன்னாங்க, சளி கட்டியிருக்குன்னாங்க. நாலாவது நாள் காலும் வயிறும் சேர்ந்து வீங்கினதும் தூக்கிட்டு ஓடினோம். சிறுநீரைப் பரிசோதிச்சுப் பார்த்துட்டு, உடம்பில் நிக்க வேண்டிய புரதம் சிறுநீரகம் வழியா ஒழுகிப் போகுதுன்னு டாக்டர் சொன்னார். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்னு பேர். குழந்தைகளுக்கு வர்ற இந்த வியாதி பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கேக்கும். ஆனா திரும்பத் திரும்ப வரும். வளர வளரக் குறையும்.

இதை இங்கே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. உங்க வீட்டுப் பிள்ளைக்குக் காலையில் முகம் வீங்கினா, ரெண்டு நாள் பார்ப்போம்னு இருக்காதீங்க. சிறுநீர் பரிசோதனை சின்ன வேலைதான். மாத்திரை ஆரம்பிச்சா வீக்கம் வத்திருச்சேன்னு நாமா நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

மூணு வருஷமா எங்க வீட்டில் விடியறது ஒரு காகிதக் குச்சியில்தான். காலையில் முதல் சிறுநீரில் அந்தக் குச்சியை முக்கணும். மஞ்சளாவே இருந்தா நல்ல நாள். பச்சையாச்சுன்னா புரதம் இறங்குது. எவ்வளவு பச்சைன்னு பார்த்து நோட்டில் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுதணும். மூணு நாள் தொடர்ந்து மூணு வந்தா பையைத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் பஸ் ஏறணும். குழுவுக்குத் தீர்மான நோட்டு எழுதின கை, அதனால் இந்த நோட்டும் ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன்.

ஆஸ்பத்திரியில் வேலை என்னன்னா காத்துக்கிட்டு இருக்கிறதுதான். சீட்டுக்குக் காத்திருக்கணும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கணும், ரவுண்ட்ஸ் வர்ற டாக்டருக்குக் காத்திருக்கணும். போன் பார்த்தா சார்ஜ் போயிரும். பார்க்கப் பார்க்க மனசு இன்னும் கெட்டுப் போகும். இந்த வியாதி பேரைப் போட்டுத் தேடினா போனில் வர்றதை எல்லாம் படிச்சா ராத்திரி தூக்கம் கிடையாது. அப்பத்தான் எங்க ஊர் ஊர்ப்புற நூலகத்தில் ரெண்டு புத்தகம் எடுத்துப் பையில் போட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு பிள்ளைக்கு வாசிச்சுக் காட்ட.

நூலகம்னதும் அது படிச்சவங்களுக்குன்னு நினைக்கிறோம். நான் பத்தாவதுதான். ஆனா சுதந்திர இந்தியாவிலேயே முதல் நூலகச் சட்டம் 1948-இல் நம்ம மெட்ராஸ் மாகாணத்தில்தான் வந்துச்சு. அந்தச் சட்டப்படி நாம கட்டுற வீட்டு வரியோட நூத்துக்குப் பத்து நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம். ரசீதை எடுத்துப் பாருங்க. காசு கட்டிட்டுச் சரக்கு வாங்காம வர்ற ஆளா நாம?

நான் முதல்ல எடுத்தது ராஜம் கிருஷ்ணன் அம்மா எழுதின 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யிற ஜனங்களைப் பத்தின நாவல். அந்தம்மா ஒரு கதை எழுதணும்னா அந்த ஜனங்க இருக்கிற இடத்துக்கே போய், கூட இருந்து, பார்த்து, கேட்டு எழுதுவாங்களாம். படிச்சா தெரியுது. கொதிக்கிற வெயில், தண்ணிக்குள்ளேயே நின்னு வெடிச்ச கால், வெள்ளை உப்பின் கூச்சத்தில் கெட்டுப் போகிற கண்ணு, சுத்தித் தண்ணியா இருந்தும் குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணிக்குத் தவிக்கிறது. அதில் வர்ற பொன்னாச்சிங்கிற பொண்ணை எனக்கு நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீசுக்கு விடியக்காலையில் வேன் ஏறிப் போன நம்ம பிள்ளைகளில் ஒருத்திதான் அவ.

என் வீட்டில் அப்ப உப்புதான் சண்டையே. வீக்கம் இருக்கிறப்ப பிள்ளைக்கு உப்பைக் குறைக்கணும். ஊறுகா, அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் எதுவும் கூடாது. அவளுக்கு மட்டும் தனியாச் சமைச்சா அழுவா. அதனால் எல்லாருக்கும் ஒரே சட்டிதான். எங்க அத்தைக்கு இது பெரிய கோபம். "சோத்துக்கு உப்பில்லாத வீடாப் போச்சு"ன்னு தினமும் ஒரு பாட்டு. ஒரு ராத்திரி வார்டு வராந்தாவில் அத்தை துணைக்கு இருந்தாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. உப்பள வேலை வர்ற ஒரு பக்கத்தை மெதுவா வாசிச்சேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவங்க அம்மா தலையில் உப்புக் கூடை சுமந்து ஊர் ஊரா வித்த கதையைச் சொன்னாங்க. கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அதுக்கப்புறம் உப்புக் குறைஞ்சதுக்கு முணுமுணுக்கிறது நின்னுச்சான்னா, நிக்கலை. ஆனா முணுமுணுத்துக்கிட்டே பிள்ளை தட்டை முதல்ல போடுவாங்க.

பிள்ளைக்கு எடுத்தது 'டோட்டோ சான் – ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் தெத்சுகோ குரோயாநாகின்னு ஒரு அம்மா தன்னோட சின்ன வயசைப் பத்தி எழுதினது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கு. சேட்டை தாங்கலைன்னு முதல் பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பின பிள்ளை அது. அப்புறம் கோபயாஷின்னு ஒரு தலைமை ஆசிரியர்கிட்டப் போறா. அங்கே வகுப்பறை எல்லாம் பழைய ரயில் பெட்டி. முதல் நாள் அந்த ஆள் உக்காந்து, அவ சொல்ற கதையை நாலு மணி நேரம் கேக்குறார். என் மகள் அந்த இடத்தில் வாசிக்கிறதை நிறுத்தச் சொன்னா. "நாலு மணி நேரமா? யாருமா அவ்வளவு நேரம் கேப்பா?"ன்னா. மாத்திரை மாறின நாளில் இருந்து அவளுக்கு முகம் உருண்டையாகி, பள்ளிக்கூடத்தில் பட்டப் பேர் வச்சு, கோபம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்னு கிடந்த நேரம். தினமும் ரெண்டு அத்தியாயம் வாசிக்கலைன்னா ஊசி போட விட மாட்டேன்னு சொல்ற அளவுக்கு ஆச்சு.

அதில் யசுவாக்கின்னு ஒரு பையன். இளம்பிள்ளை வாதத்தில் கையும் காலும் சரியா வராதவன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறுறதுக்கு ஒரு மரம் உண்டு. டோட்டோ சான் தன் மரத்துக்கு அவனை விருந்தாளியாக் கூப்பிடுறா. ஏணி கொண்டு வர்றா, ஆகலை. வேற ஏணி இழுத்துட்டு வர்றா. வேர்த்து விறுவிறுத்து, மேல இருந்து இழுத்து, கடைசியில் அவனை ஏத்திடுறா. பக்கத்துக் கட்டில் பிள்ளைகளும் துணைக்கு வந்த ஆச்சிமாரும் சேர்ந்து கேட்டாங்க. அவன் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு ஆச்சி கையைத் தட்டினாங்க.

நான் எப்பவும் பிள்ளை தூங்கினதும் மறுநாள் பகுதியை ஒரு தடவை முன்னாடியே பார்த்து வச்சுக்குவேன், வாய் குழறாம வாசிக்க. அப்படிப் பார்க்கிறப்பத்தான் தெரிஞ்சுது, அந்தப் பையன் செத்துப் போறான்.

ராத்திரி முழுக்க யோசிச்சேன். நாலு பக்கத்தைத் தள்ளிட்டு வாசிச்சா அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் போனில், "அதை விட்டுரு, ஆஸ்பத்திரில வச்சு எதுக்கு"ன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனா அவ எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை. நாளைக்கு அவளா அந்தப் பக்கத்தைத் திறந்தா, அம்மா இதை ஒளிச்சாங்கன்னா இதில் என்னமோ இருக்குன்னு தனியா உக்காந்து பயப்படுவா. பக்கத்தில் நான் இருக்கிறப்பவே வரட்டும்னு முடிவு பண்ணேன்.

வாசிச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கலை. அப்புறம், "அவனுக்கு மாத்திரை இல்லையா?"ன்னா. அந்தக் காலத்தில் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்தே வரலை, இப்ப சொட்டு மருந்து இருக்கு, உனக்கு எல்லாத் தவணையும் போட்டிருக்கேன், நம்ம நாட்டிலேயே அந்த வியாதி இல்லைன்னு 2014-இல் அறிவிச்சுட்டாங்கன்னு சொன்னேன். "அப்ப எனக்கு இருக்கிறதுக்கு?"ன்னா.

மூணு வருஷத்தில் அவ அதைக் கேட்டது அன்னைக்குத்தான். மனசில் எப்ப இருந்து வச்சிருந்தாளோ. டாக்டர் என்கிட்ட என்ன சொன்னாரோ அதை அப்படியே சொன்னேன். இதுக்கு மாத்திரை இருக்கு, உனக்கு அது கேக்குது, திரும்ப வரும், வந்தா திரும்ப மாத்திரை, நீ பெரிசாக ஆகக் குறையும்னாங்க. "சாக மாட்டேனா?" "இந்த மாத்திரை உனக்கு நல்லாக் கேக்குது, அதனால டாக்டர் பயப்படலை. டாக்டர் பயப்படாததால நானும் பயப்படலை. பயம் வந்தா உன்கிட்டச் சொல்லுவேன்." இதுதான் நான் சொன்னது. கடைசி வாக்கியம் எனக்கே புதுசு. அன்னையில் இருந்து குச்சி பச்சையானா அவகிட்ட மறைக்கிறது இல்லை. நோட்டில் அவதான் எழுதுறா.

அந்தப் பையன் சாகிறதுக்கு முன்னாடி டோட்டோ சானுக்கு ஒரு புத்தகம் படிக்கக் குடுத்திருப்பான். என் மகள் கடைசியாக் கேட்டது அதைத்தான். "அந்தப் புத்தகத்தை இனி யார்கிட்டத் திருப்பிக் குடுப்பா?" அதுக்கு எனக்குப் பதில் தெரியலை. இன்னமும் தெரியலை.

மத்த புத்தகங்களைச் சுருக்கமாச் சொல்றேன். இமையம் எழுதின 'செல்லாத பணம்', 2020-க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கினது. தீக்காயத்தோட மகளைப் புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்துட்டுப் பெத்தவங்க வெளியே நிக்கிற கதை. கையில் பணம் இருந்தும் ஆகலை. பெரிய புத்தகம், உண்மையான புத்தகம். ஆனா ஒரு யோசனை சொல்றேன், வார்டில் உக்காந்து அதைப் படிக்காதீங்க. நான் அம்பது பக்கத்தில் மூடிட்டு, வீட்டுக்கு வந்து ஆறு மாசம் கழிச்சு முடிச்சேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்னப் புத்தகம், ரெண்டு நாளில் முடிஞ்சிரும். குடத்தைத் தூக்கிக்கிட்டு வரிசையில் நிக்கிற பட்டணத்துப் பொம்பளைங்க கதை. வாழவே வேண்டாம்னு உக்காந்திருக்கிற ஜமுனாவுக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஆறுதல் சொல்றதில்லை, தன் கஷ்டத்தைச் சொல்றாங்க. நம்ம குழுக் கூட்டத்தில் நடக்கிறதும் பாதி அதுதானே.

நேரமே இல்லைங்கிறவங்களுக்கு நம்ம கரிசல் காட்டு கி.ராஜநாராயணன் எழுதின 'கதவு'. கால் மணி நேரத்தில் படிச்சிரலாம். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போயிடுறாங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்க ஏறி விளையாடின கதவு அது. எங்க குழுவில் போன மாசம் வசூல் முடிஞ்சதும் இதை வாசிச்சேன். முடிஞ்சதும் ஒரு மதினி எந்திரிச்சு, தனியார் கம்பெனிக்காரன் தவணைக்காக வாசலில் வந்து நின்ன அன்னைக்கு நடந்ததைச் சொன்னாங்க. மூணு வருஷமா அந்தக் குழுவில் இருக்காங்க, அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்தக் கூட்டத்திலேயே அவங்க பாக்கியை அடைக்க உள்கடன் தீர்மானம் போட்டோம்.

மதுரைக்கு மறுபரிசோதனைக்குப் போற நாளில் இப்ப நாங்க கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போறோம். 2023-இல் திறந்தது. புது நத்தம் ரோட்டில் இருக்கு. பிள்ளைகளுக்குன்னு தனிப் பகுதி உண்டு. ஊசிக்கு அழுதுட்டு வர்ற பிள்ளைக்கு அதைச் சொன்னா பஸ்ஸில் ஏறுறா. உங்க யாருக்காவது அங்கே ஆஸ்பத்திரி வேலை இருந்தா, சீட்டு வாங்கிட்டு மிச்ச நேரத்தில் போய்ப் பாருங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. கூட்டமைப்பு ஆபீஸ் பீரோவில் கீழ்த் தட்டு காலியாத்தான் கிடக்கு. என்கிட்ட இருக்கிற எட்டுப் புத்தகத்தை அதில் வைக்கிறேன். யார் எடுத்தாலும் நோட்டில் குழுப் பேர், தேதி எழுதிட்டு எடுத்துக்கலாம். வட்டி கிடையாது, ஒரு மாசத் தவணை. வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறவங்களுக்குத் தவணை கிடையாது, அவங்க திரும்பி வந்து குடுத்தாப் போதும். பொருளாளர் அக்கா தலையாட்டுறாங்க, தீர்மான நோட்டில் ஏத்திருங்க அக்கா. 'டோட்டோ சான்' மட்டும் இப்ப என் மகள்கிட்ட இருக்கு, மூணாவது தடவையாப் படிச்சுக்கிட்டு இருக்கா. அவ குடுத்ததும் கொண்டு வந்து வைக்கிறேன்.